தொள்ளாயிரமா, ஒன்று புள்ளி ஆறா

அண்ணன் பிரான்சிலிருந்து கொடுத்தனுப்பிய லேப்டாப் வெள்ளை. தம்பி பெங்களூரிலிருந்து அனுப்பியது கறுப்பு. இரண்டும் பள்ளிக்கூட நோட்டைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. ஆனால் ஒயர், ஹெட்போன், மோடம் என்று அவற்றோடு வந்த குப்பையெல்லாம் சேர்ந்து சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை மொத்தமாகப் பிடித்துக்கொண்டன. நானும் அம்மாவும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க அம்மா படும் பாட்டைப் பார்த்த பிறகும் அந்த மேசையைக் காலி செய்ய எனக்கு வெகுநாள் தைரியம் வரவில்லை. கைவைத்தால் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும், தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அண்ணன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, அந்த வழியில் பாரிசுக்குப் பக்கத்தில் போய் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். தம்பி இன்ஜினீயரிங் முடித்து பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனான். நடுவில் பிறந்த நான் சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியின் ஸ்டாக் செக்‌ஷனில் கணினியில் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஒருநாளும் பேசாமலே அது முடிவாகிவிட்டது. பேசியிருந்தாலாவது நான் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.

முதலில் வந்தது வெள்ளை. அண்ணியின் சொந்தக்காரர் ஒருவர் லீவுக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தார். பிரெஞ்சுக் கீபோர்டு. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். எண்களை அடிக்க ஒவ்வொரு முறையும் ஷிஃப்டை அழுத்த வேண்டும். கம்பெனியில் பார்க்காமல் அடித்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்தால் பாஸ்வேர்டைக்கூடத் தப்பாக அடிக்கும். "அதெல்லாம் பழகிடும். ஞாயித்துக்கெழம சாயங்காலம் அம்மாவ எதிர்ல ஒக்கார வை. மூஞ்சப் பாத்துப் பேசலாம்ல" என்றார் அண்ணன். அதற்கு முன்பு மாதம் ஒருமுறை போன் செய்வார். முகம் பார்க்கலாம் என்றதும் அம்மா தலைவாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டு மூன்று வாரம் சந்தோஷமாகத்தான் போயிற்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னார்: "அம்மா அப்டியே நின்னுடுச்சி பாரு. கொரலும் வரல. மெஷின் மாட்டிக்கிச்சா?"

நான் திரையைப் பார்த்தேன். அண்ணன் முகம் நன்றாக அசைந்துகொண்டிருந்தது. "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றேன்.

"எனக்கு நின்னுடுச்சி. கட் பண்ணிட்டு மறுபடியும் போடு."

கட் செய்துவிட்டு மறுபடியும் போட்டேன். இணைப்பு கிடைப்பதற்குள் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தது. கிடைத்ததும் அண்ணன் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரமும் அதே கதை. அந்தச் சமயம் தம்பி போன் செய்தபோது சும்மா சொல்லிவைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். "அதுல என்னா ப்ராசசர்னு பாத்துச் சொல்லுக்கா" என்றான். பார்த்துச் சொன்னேன். செலரான், தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ்.

"தொள்ளாயிரமா? அத வெச்சிக்கிட்டு வீடியோ கால் பேசறீங்களா? நம்ம ஆளு பழைய சரக்கத் தலைல கட்டிட்டாரு. நான் ஆட்டம் ப்ராசசர் போட்டது ஒன்னு அனுப்பறேன். ஒன்னு புள்ளி ஆறு. கிட்டத்தட்ட டபுள். கரண்டும் பாதிதான் இழுக்கும், சூடாவாது."

கறுப்பு லேப்டாப் கூரியரில் வந்தது. அதைக் கேட்டதும் அண்ணனுக்கு மூக்கின்மேல் கோபம். கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைதானே என்று தம்பி தன்னை மட்டம் தட்டுகிறான் என்ற எண்ணம் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. அங்கே ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கிப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறு அம்மாவிடம் நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தார்.

"அவங்கிட்ட சொல்லு, கிகாஹெர்ட்ஸ் பெருசா இருந்தா வேகம்னு அர்த்தம் இல்ல. அது செகண்டுக்கு எத்தன தட்டு தட்டுதுங்கற கணக்குதான். ஆட்டம் ஒரு தட்டுக்கு கம்மியா வேல செய்யும். செலரான் ஒரு தட்டுக்கு ஜாஸ்தி செய்யும். கூட்டிக் கழிச்சிப் பாத்தா ரெண்டும் ஒன்னுதான். இங்க டெஸ்ட் பண்ணிப் போட்ருக்கான்."

அதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். இருவருக்கும் நேராகப் பேசிக்கொள்ள மனசில்லை. நடுவில் நான் தபால்காரி.

அவர்கள் சண்டையின் புண்ணியத்தில் எனக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒருநாள் அம்மா, "என்னாதாண்டி அவனுங்களுக்குள்ள?" என்று கேட்டபோது ரேஷன் கடையை வைத்து விளக்கினேன். ஆட்டம் என்கிற கடைக்காரர் கை சுறுசுறு. ஆனால் வரிசைப்படிதான் போடுவார். முதலில் நிற்கிறவர் பையைத் தேடிக்கொண்டிருந்தால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். செலரானுக்குக் கை மெதுவு. ஆனால் பையைத் தேடுகிறவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு அரிசி போட்டுவிடுவார். ஆட்டத்துக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. கடை முன்னால் இரண்டு வரிசை வைத்துக்கொள்வார். ஒன்று தேங்கினால் இன்னொன்றில் இருக்கிறவருக்குப் போடுவார். அதனால்தான் உள்ளே ஒரே ஒரு ப்ராசசர் இருந்தும் திரையில் இரண்டு என்று காட்டும்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, "ரெண்டு பேருமே அரிசி போடறாங்க இல்ல" என்றது.

அந்த "வெகுநேரம் கழித்து" என்பதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் சொல்லிக்கொண்டு வருகிறேன். அம்மா மெதுவாகிக்கொண்டிருந்தது. ஓட்டமும் நடையுமாக மார்க்கெட்டுக்குப் போய்வந்த அம்மா, குட்டிக் குட்டியாக அடி வைத்து நடக்க ஆரம்பித்தது. புடவைக் கொசுவம் மடிக்க எவ்வளவு நேரமானாலும் முடியாது. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் மடித்துச் செருகிவிட்டுப் போவேன். பேங்கில் கையெழுத்துப் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக விழும். சிரிப்பதே இல்லை. குரல் உள்ளே போய்விட்டது. தெரு முனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூட்டுத் தேய்மானம் என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணனிடம் சொன்னேன். "வயசாவுதில்ல" என்றார். தம்பியிடம் சொன்னேன். "வாக்கிங் போவச் சொல்லுக்கா. நீ எல்லாத்தயும் செஞ்சி குடுத்துட்டா அம்மா எப்டி ஆக்டிவா இருக்கும்?" என்றான். நான் செய்துகொடுப்பதுதான் குற்றம் என்பதுபோல. அன்று போனை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டே வாய்விட்டுத் திட்டினேன். அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

இதற்கு நடுவில்தான் பரீட்சைகள். தம்பி எனக்குக் கட்டளைகள் கொடுப்பான். ஒரே கல்யாண வீடியோவை இரண்டு லேப்டாப்பிலும் போட்டுச் சுருக்க வேண்டும், எது முதலில் முடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டை ஓடவிட்டுக்கொண்டு நாலு வலைப்பக்கம் திறக்க வேண்டும். மடியில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, அம்மாவுக்கு இடியாப்பமோ இட்லியோ செய்து கொடுத்துவிட்டு, நான் இதையெல்லாம் உட்கார்ந்து செய்தேன் என்றால் இப்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. செய்தேன். ஒரே ஒரு வேலையைக் கொடுத்தால் வெள்ளையும் கறுப்பும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடித்தன. இரண்டு வேலையைச் சேர்த்துக் கொடுத்தால் கறுப்பு கொஞ்சம் சமாளித்தது, வெள்ளை மூச்சு வாங்கியது. வெள்ளையின் விசிறி போடும் சத்தத்தில் அம்மா, "மாவரைக்கிற மாதிரி இருக்குது" என்று சொல்லும். சொல்லும்போதும் முகத்தில் ஒன்றும் இருக்காது.

முடிவைச் சொன்னால் இரண்டு பேருமே தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டார்கள். அண்ணன், "பாத்தியா, பாதி வேகத்துல அதே வேலய முடிக்குது" என்றார். தம்பி, "வீடியோ கால்னா ரெண்டு வேலதானக்கா. நம்ம படத்த அனுப்பணும், அவங்க படத்தக் காட்டணும். அதுக்கு ஆட்டம்தான்" என்றான்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அம்மாவிடம், "இனிமே இந்த வெட்டிச் சண்டைய எங்கிட்டக் கொண்டாராதீங்கன்னு சொல்லிடப் போறேன்" என்றேன். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போவதற்கு முன்பே நின்றுவிட்டது. பிறகு, "வாணாம். முன்னல்லாம் மாசத்துக்கு ஒருக்காதான் கொரல் கேக்கும். இப்ப வாராவாரம் கேக்குது. சண்ட போடட்டும்" என்றது. அதனால் அவர்களிடம் சொல்லாமல் விட்டேன். ஆனால் அது என் கோபத்தை இன்னும் கூட்டத்தான் செய்தது. பெற்ற பிள்ளைகளின் குரலைக் கேட்க ஒரு அம்மா அவர்கள் சண்டை போடுவதை நம்பி இருக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் தம்பி ஒரு யோசனை சொன்னான். இரண்டு லேப்டாப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வை, நடுவில் அம்மாவை உட்கார வை. வெள்ளையில் அண்ணன் வரட்டும், கறுப்பில் நான் வருகிறேன். ஒரே நேரத்தில் பேசுவோம், எதில் அம்மா நிற்கிறது என்று தெரிந்துவிடும். அண்ணனும் சரி என்றார். அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்கு ஒத்துக்கொண்டு நான் பார்த்தது அப்பா போனதற்குப் பிறகு அதுதான் முதல்முறை.

அந்த ஞாயிறு அம்மாவுக்கு நீலப் புடவை கட்டிவிட்டேன். நாற்காலியில் உட்காரவைத்தேன். அம்மாவுக்குப் பின்னால் சுவர், அதில் பலசரக்குக் கடைக் காலண்டர். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டியிலும் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்கும் தூரம்தான், ஆனால் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"சாவா, அம்மா? இன்னிக்கு என்னா கொழம்பு?" என்றார் அண்ணன். சாவா என்றால் பிரெஞ்சில் சௌக்கியமா என்று அர்த்தம்.

அம்மா பார்த்துக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சி" என்றார் அண்ணன். பிறகு கொஞ்சம் பெருந்தன்மையாக, "சரி, இதுல நின்னுடுச்சி. அதுல எப்டி?" என்றார்.

"இதுலயும் நின்னுடுச்சி" என்றான் தம்பி. குரலில் ஏமாற்றம். "ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல எப்டிக்கா நிக்கும்? அப்ப ப்ராசசர் இல்ல. லைன்தான் பிரச்சன. அப்லோட் ஸ்பீடு பத்தல. நாளைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல போய் வேற பிளான் மாத்திக் குடுக்கச் சொல்லு."

நாளைக்கு. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு. நான் வாயைத் திறப்பதற்குள், கறுப்பு லேப்டாப்பின் திரை ஓரத்தில் எங்கள் வீட்டுப் படம் சின்னதாகத் தெரிவது கண்ணில் பட்டது. அதில் அம்மா ஆடாமல் அசையாமல் இருந்தது. பின்னால் காலண்டர் ஃபேன் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் அதுவரை இப்படித் தோன்றியதில்லை. கூடவே இருந்து கொசுவம் மடித்துவிட்ட எனக்கும். ஆனால் அந்த நிமிஷம் என்மேல் கோபம் வரவில்லை. அந்த இரண்டு பெட்டிகள்மேல்தான் வந்தது.

"அம்மாவுக்குப் பின்னால காலண்டர் தெரியுதாடா?" என்றேன்.

"தெரியுது" என்றான் தம்பி.

"ஆடுதா?"

தம்பி முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"ஒங்களுக்கு, அண்ணே? ஆடுதா?"

"ஆடுது" என்றார் அண்ணன். "ஏன், என்னா?"

"அப்ப மெஷினும் நிக்கல, லைனும் நிக்கல. நிக்கிறது அம்மா. ஆறு மாசமா நான் சொல்லிட்டிருக்கேன், ஒடம்பு சரியில்ல, சரியில்லன்னு. நீங்க ப்ராசசரப் பாத்துட்டிருந்தீங்க."

வெள்ளையின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போது அம்மாவின் உதடு அசைந்தது. "வாழக்கா" என்றது. குழம்பு என்னவென்று அண்ணன் கேட்டதற்குப் பதில். அவ்வளவு நேரமும் அதைச் சொல்லத்தான் முயன்றுகொண்டிருந்திருக்கிறது.

நான் இரண்டு லேப்டாப்பையும் மூடினேன். அணைக்கவில்லை, எதையும் கேட்கவில்லை, மூடினேன். என் செல்போனும் அம்மாவின் செல்போனும் மாறி மாறி அடித்தன. எடுக்கவில்லை. அம்மாவை எழுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிப்போனேன். வழியில் அம்மா, "ஏண்டி மூடிட்ட? அவன் இன்னும் பேசவே இல்லயே" என்று கேட்டது. எந்த அவனைச் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்க நானே கூட்டிப்போனேன். அவர் அம்மாவை நடக்கச் சொன்னார், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார், பெயர் எழுதச் சொன்னார். பிறகு என்னிடம், "பார்க்கின்சன். மொகம் அசையாது, பதில் லேட்டா வரும். ஆனா ஒங்கம்மாவுக்கு எல்லாம் நல்லாப் புரியுது. அதான் முக்கியம். பதில் வர்ற வரைக்கும் பொறுமையா இருங்க" என்றார். மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் அம்மாவின் கை கொஞ்சம் இளகியது. ஒருநாள் காலையில் கொசுவத்தைத் தானே மடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது. நோய் போகவில்லை, போகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இருந்தாலும் அன்று கம்பெனியில் நான் யாரிடமும் எரிந்து விழவில்லை.

தம்பி வந்தான். வந்த அன்று அம்மா அடுக்களையிலிருந்து கூடம் வரை நடந்து வருவதை நின்று பார்த்தான். வாசலுக்குப் போய்விட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதோடு இருந்திருந்தால் என் மனசு இளகியிருக்கும். ஆனால் அவன் சொன்னது இது:

"நீ இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லிருக்கணும்க்கா."

நான் அவனை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழுந்தது என்பது உண்மை. "எப்டிடா தெளிவா சொல்றது? வீடியோ சுருக்கிக் காட்டணுமா? எது சூடாவுது எது சூடாவலன்னு சொல்லணுமா? அம்மாவால நடக்க முடிலன்னு தமிழ்லதான சொன்னேன்?"

"கத்தாதக்கா, அம்மா கேக்குது."

"கேக்கட்டும். அதுக்குக் காது நல்லாதான் இருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அதோடு விடவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டக் கூட்டிப்போகும்போது கை கொடுக்கச் சொன்னேன். குளியலறை வாசற்படியில் அம்மாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது, அது தானாகக் கிளம்பும்வரை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனை அப்படி நிற்கவைத்தேன். முதல்நாள் பொறுமையில்லாமல் இரண்டு முறை இழுத்துவிட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான். அந்த வாரம் முடிவதற்குள் கற்றுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் பெங்களூரிலிருந்து வந்து போனான், வர முடியாதபோது காரணம் சொன்னான். இதை நியாயமாகச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அண்ணன் அடுத்த ஆகஸ்டில் குடும்பத்தோடு வந்தார். அங்கே எல்லோரும் லீவு எடுக்கும் மாதம். அம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், அம்மாவின் மௌனத்தைத் தாங்கமாட்டாமல் மூலக்குளத்தில் தான் வாங்கிப்போட்ட மனையைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தார். வேலி போட்டார்களா, பக்கத்து மனைக்காரன் கல்லை நகர்த்திவிட்டானா என்று.

"அண்ணே, சும்மா இருங்க. அம்மா பேசப் போவுது" என்றேன்.

சும்மா இருந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. தெரியட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா அவர் கையைத் தொட்டு, "ஒன் பொண்டாட்டிக்கு முதுகு வலி போயிடுச்சா?" என்று கேட்டது.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணிக்கு முதுகு வலி என்று எனக்கே தெரியாது. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, செலரானைப் பற்றிய பேச்சுக்கு நடுவில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். நான் எரிச்சலில் கேட்கவில்லை. அவரும் சொன்னதை மறந்துவிட்டார். அம்மா அவ்வளவு நாளும் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. திருப்பிக் கேட்க வாய் வருவதற்குள் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர், நின்றுவிட்டது என்று இணைப்பை வெட்டியிருக்கிறோம்.

"போயிடுச்சிம்மா" என்றார் அண்ணன்.

அண்ணன் ஊருக்குத் திரும்பிய அன்று காலையில் நான் அவருக்கு டிபன் செய்து வைத்தேன், காரில் பெட்டி ஏற்ற உதவினேன். நல்ல முகம் காட்டவில்லை. "கோவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அடுத்த வருஷமும் வரேன்" என்றார். வந்தார், அதையும் சொல்ல வேண்டும். அம்மா இறந்த வருடம் வரை வருஷா வருஷம் வந்தார். அவர் வந்த ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் இருந்தது, அவரும் அதைத் தெரிந்துகொண்டேதான் வந்தார்.